விண்ணளந்த பேரறிஞர் சந்திரசேகர்

நிலையாமை மண்ணுலகத்து உயிர்களுக்கு மட்டும் உரியதன்று. விண்ணில் ஒளிரும் மீன்களுக்கும் அஃது உரியதே. அவையும் தோன்றுகின்றன; வளர்கின்றன; தம்பால் உள்ள எரிபொருள் தீர்ந்த பின்னர் ஒடுங்குகின்றன. அவ்வாறு ஒடுங்கும் விண்மீனின் இறுதி நிலை யாது என்பதைக் கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்து, அறிஞர் உலகம் எதிர்பாராத விடை ஒன்றைக் கண்டார் ஓர் இளைஞர். அவர் தமிழர். அவ்விடையைக் கண்டபோது அவருக்கு அகவை பத்தொன்பது. கண்ட இடமோ ஆய்வுக்கூடமன்று. நடுக்கடலில் சென்றுகொண்டிருந்த ஒரு கப்பல். அவ்விளைஞரே பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்று உலகம் போற்ற வாழ்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர்.

பிறப்பும் வளர்ப்பும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் லாகூர் நகரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இருப்புப்பாதைக் கணக்குத் துறையில் உயர் அலுவல் பார்த்து வந்தார். அன்னையார் சீதாலட்சுமி அம்மையார். பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் பதின்மர். அவருள் சந்திரசேகரே ஆண்மக்களில் மூத்தவர். பாட்டனாரின் பெயரையே அவருக்கு இட்டு வழங்கினர். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், சுப்பிரமணிய ஐயரின் இளவல் ஆவார். எனவே கல்வி அக்குடும்பத்தின் பழஞ்சொத்தாக விளங்கிற்று.

சீதாலட்சுமி அம்மையார் முறையாகப் பள்ளியில் நெடுங்காலம் பயிலும் வாய்ப்புப் பெறாதவர். ஆயினும் தம் முயற்சியால் ஆங்கிலம் கற்று, நார்வே நாட்டு நாடகப் பேராசிரியர் இப்சன் இயற்றிய நாடகம் ஒன்றைத் தமிழில் ஆக்கிய பெருமை உடையவர். மகனுக்குத் தமிழ் கற்பித்த முதல் ஆசிரியரும் அவரே. 1918ஆம் ஆண்டில் குடும்பம் சென்னையில் குடியேறிற்று. தொடக்கக் கல்வி முழுவதையும் இல்லத்திலேயே பெற்ற சந்திரசேகர், பின்னர்த் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

1920ஆம் ஆண்டில், சந்திரசேகர் பத்து வயதும் நிரம்பாத சிறுவராய் இருந்தபோது, கணித மேதை இராமானுசன் மறைந்த செய்தியை அன்னையார் அவருக்கு எடுத்துரைத்தார். எளிய குடியில் பிறந்த ஒருவர் தம் அறிவின் ஆற்றல் ஒன்றையே துணையாகக் கொண்டு கடல் கடந்து சென்று புகழ் எய்திய வரலாறு, அச்சிறுவரின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. தாமும் அவ்வழியே செல்லுதல் கூடும் என்னும் நம்பிக்கை அன்றே அவர்பால் வேரூன்றிற்று.

கல்லூரிப் பருவம்

1925ஆம் ஆண்டில் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். மகன் இந்தியக் குடிமைப் பணியில் அமர்தல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். சந்திரசேகரின் உள்ளமோ கணிதத்தையும் இயற்பியலையும் நாடி நின்றது. மகனின் விருப்பம் எதுவோ அதுவே நிறைவேறுதல் வேண்டும் எனத் துணைநின்றார் அன்னையார்.

1928ஆம் ஆண்டில் செருமானியப் பேரறிஞர் சாமர்ஃபெல்டு மாநிலக் கல்லூரிக்கு வருகை புரிந்தார். அவர் இயற்றிய அணுநூலை முழுதும் கற்றிருந்த சந்திரசேகர் அவரைச் சென்று கண்டார். அந்நூல் எழுதப்பட்ட பின்னர் இயற்பியல் அடியோடு மாறிவிட்டது என்று அப்பேரறிஞர் அறிவித்தார். பிறரெனின் சோர்ந்திருப்பர். சந்திரசேகரோ அவ்வறிஞர் அன்புடன் அளித்த புதிய கட்டுரையைப் பெற்றுக் கற்றார். சின்னாட்களில் அப்புதுக்கொள்கையில் தேர்ச்சி எய்தினார். மாணவராய் இருக்கும்போதே ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று 1929ஆம் ஆண்டில் இலண்டன் அரசச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது.

இத்தகைய திறனைக் கண்ட அரசினர், கேம்பிரிட்சில் சென்று பயிலும் பொருட்டு 1930ஆம் ஆண்டில் அவருக்கு உதவித்தொகை வழங்கினர். அப்போது அன்னையார் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். அந்நிலையில் அவரைப் பிரிந்து செல்லச் சந்திரசேகரின் மனம் ஒருப்படவில்லை. ஆனால் அன்னையாரோ, மகன் தமக்கென்று மட்டும் பிறந்தவன் அல்லன் எனக் கருதி, அவரை வற்புறுத்தி வழியனுப்பினார். சந்திரசேகர் அன்று பிரிந்த அன்னையை மீண்டும் காணவில்லை. அடுத்த ஆண்டு மே திங்களில் அம்மையார் இயற்கை எய்தினார். கல்விக்காக ஒரு குடும்பம் செலுத்திய விலை இது.

கடல்மேல் கண்ட உண்மை

1930ஆம் ஆண்டு சூலைத் திங்கள் இறுதியில் பம்பாயினின்று கப்பல் புறப்பட்டது. பயணத்தின் தொடக்கத்தில் கடல் கொந்தளித்தது. அமைதி திரும்பியபின் சந்திரசேகர் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு கப்பலின் மேல்தளத்தில் அமர்ந்தார். அவர் ஆராய்ந்த பொருள் இது:

ஒவ்வொரு விண்மீனிலும் இருவகை ஆற்றல்கள் ஓயாது போரிடுகின்றன. ஈர்ப்பு அதனை உள்நோக்கி நெருக்குகின்றது. உள்ளே எழும் வெப்பத்தின் அழுத்தம் அதனை வெளிநோக்கித் தள்ளுகின்றது. இரண்டும் ஒத்து நிற்கும்வரை விண்மீன் நிலைபெறும். எரிபொருள் தீர்ந்தவுடன் ஈர்ப்பின் கை ஓங்கும்; விண்மீன் சுருங்கும். சுருங்கச் சுருங்க, அதிலுள்ள எலக்ட்ரான்கள் மேலும் நெருங்க இடமின்றி எதிர்த்து நிற்கும். அவ்வெதிர்ப்பினால் சுருக்கம் நின்று, பூமியின் அளவே உடைய, ஆனால் மிக்க அடர்த்தி வாய்ந்த உருண்டையாக விண்மீன் நிலைபெறும். இதனை வெண்குறுமீன் என்பர். விண்மீன்கள் அனைத்திற்கும் இதுவே முடிவு என அறிஞர் அந்நாளில் அமைதி கொண்டிருந்தனர்.

சந்திரசேகர் ஓர் ஐயத்தை எழுப்பினார். அளவு கடந்து நெருக்கப்படும் எலக்ட்ரான்கள் ஒளியின் விரைவை அணுகும் விரைவோடு இயங்கும். அங்ஙனமாயின் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் கணக்கில் சேர்த்தல் வேண்டுமன்றோ? சேர்த்துக் கணக்கிட்டார். எலக்ட்ரான்களின் எதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்னும் உண்மை வெளிப்பட்டது. வெண்குறுமீனின் நிறை ஏறக்குறைய ஞாயிற்றின் நிறையைப்போல் 1.4 மடங்குக்கு மேற்படுதல் இயலாது. அதனினும் மிக்க நிறையுடைய உடல் வெண்குறுமீனாக நிற்கமாட்டாது, மேன்மேலும் ஒடுங்கும். இவ்வெல்லை இன்று சந்திரசேகர் எல்லை என அவர் பெயராலேயே வழங்குகின்றது.

எதிர்ப்பும் ஏந்தலின் பண்பும்

கேம்பிரிட்சில் ஆய்வுப் பட்டம் பெற்ற சந்திரசேகர், 1933ஆம் ஆண்டில் அங்குள்ள டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியருள் இராமானுசனுக்குப் பின்னர் அப்பெருமை பெற்றவர் இவரே.

1935ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள் இலண்டன் அரச வானியற் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிபை விளக்கினார். அவரை அடுத்து எழுந்தவர், அந்நாளில் வானியலாரின் தலைவராக மதிக்கப்பட்ட சர் ஆர்தர் எடிங்டன். சந்திரசேகரின் ஆய்வை அடிக்கடி கேட்டறிந்து ஊக்கி வந்த அப்பெரியாரே, அவையோர் நகைக்குமாறு அதனை மறுத்துரைத்தார். ஒரு விண்மீன் எல்லையின்றி ஒடுங்குதல் இயற்கைக்கு முரணானது என்பது அவர் கருத்து. இளைஞரின் கணக்கில் பிழை யாதும் இல்லை என உணர்ந்த அறிஞர் சிலரும் எடிங்டனை எதிர்த்துப் பேச முன்வரவில்லை.

ஆன்ற அவையில் எள்ளி நகையாடப்பட்ட இருபத்து நான்கு அகவை இளைஞரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! எனினும் சந்திரசேகர் சினத்துக்கு இடந்தரவில்லை. தம் முடிபைக் கைவிடவும் இல்லை. அதுவரை கண்டவற்றையெல்லாம் முறைப்படுத்தி 1939ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். பின்னர் வேறு துறையில் புகுந்தார். உண்மை தன் காலத்தில் தானே வெளிப்படும் என்பது அவருடைய துணிபு. எடிங்டனிடத்து அவர் கொண்ட மதிப்பும் குறையவில்லை. எடிங்டனின் நூற்றாண்டையொட்டி, அவருடைய பெருமைகளை விரித்து டிரினிட்டிக் கல்லூரியில் சந்திரசேகர் சொற்பொழிவு ஆற்றினார். கருத்தில் மாறுபட்டாரையும் தகுதி நோக்கிப் போற்றுதல் சான்றோர் இயல்பு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆசிரியப் பணி

1936ஆம் ஆண்டில் தாயகம் வந்த சந்திரசேகர், மாநிலக் கல்லூரியில் தம்முடன் பயின்ற லலிதா அம்மையாரை மணந்துகொண்டார். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்று சிகாகோப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த எர்க்கீசு வானாய்வு நிலையத்தில் பணியேற்றார். அது முதல் தம் இறுதிநாள் வரை அப்பல்கலைக் கழகத்தைவிட்டு அவர் நீங்கவில்லை.

அந்நிலையம் சிகாகோவிலிருந்து ஏறத்தாழ எண்பது கல் தொலைவில் உள்ளது. ஒரு சமயம் அவர் நடத்திய வகுப்பில் தொடர்ந்து பயின்றோர் இருவரே. அவ்விருவருக்காகவும் அவர் பனிக்காலத்திலும் வாரந்தவறாது அத்தொலைவைக் கடந்து சென்று பாடம் நடத்தினார். அம்மாணவர் இருவரும் சீன நாட்டினர். லீ, யாங் என்னும் பெயரினர். 1957ஆம் ஆண்டில் இருவருமே நோபெல் பரிசு பெற்றனர். மாணவர் தொகை நோக்காது கடமை நோக்கிய ஆசிரியரின் உழைப்பு வீண்போகவில்லை. 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஏடு ஒன்றின் ஆசிரியராக இருந்து அதனை உலகப் புகழ் வாய்ந்த ஏடாக உயர்த்தியவரும் அவரே.

செட்டிநாட்டுக் கொடையும் சந்திரசேகரும்

இராமானுசன்பால் இளமையில் கொண்ட பற்றைச் சந்திரசேகர் என்றும் மறந்தாரல்லர். 1936ஆம் ஆண்டில் இந்தியா வந்தபோது, இராமானுசனின் துணைவியார் சானகி அம்மையாரைத் தேடிச் சென்று, கடவுச்சீட்டில் இருந்த அம்மேதையின் நிழற்படத்தைக் கண்டெடுத்து உலகுக்கு அளித்தார். இன்று நாம் பரவலாகக் காணும் இராமானுசன் படம் அதுவே.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1909ஆம் ஆண்டில் பிறந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். வணிகத்தால் ஈட்டிய பெரும்பொருளைக் கல்விக்கே வாரி வழங்கியவர். காரைக்குடியில் கல்லூரிகள் பல எழக் காரணமானவர். அங்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமையும் பொருட்டு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தவர். அப்பெருந்தகை இராமானுசன் பெயரால் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தை 1950ஆம் ஆண்டில் சென்னையில் தோற்றுவித்தார். கணித அறிஞர் விசயராகவன் அதன் முதல் இயக்குநர் ஆனார். உடனே பயன் காட்டாத தூய கணிதத்துக்கென்றே ஒரு வணிகப் பெருமகன் பொருள் ஈந்தமை போற்றத்தக்கது.

1957ஆம் ஆண்டில் அழகப்பர் மறைந்தார். நிறுவனத்தின் நிதிநிலை தளர்ந்து, அது மூடப்படும் இடர் அவ்வாண்டில் நேர்ந்தது. கடல் கடந்து வாழ்ந்த சந்திரசேகர், தலைமை அமைச்சர் சவகர்லால் நேருவிடம் அந்நிறுவனத்தின் அருமையை எடுத்துரைத்து அதனைக் காக்குமாறு வேண்டினார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக் கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. செட்டிநாட்டு வள்ளல் நட்ட மரம், சந்திரசேகர் ஊற்றிய நீரால் பட்டுப்போகாமல் பிழைத்தது.

சமச்சீர்மையும் ஈர்ப்பும்

ஒரு துறையில் புகுந்து, பல்லாண்டு ஆழ்ந்து உழைத்து, முழுமையும் ஒரு நூலாக்கி, அதன்பின் புதுத்துறை ஒன்றை நாடுதல் சந்திரசேகரின் வழக்கம். ஐம்பது அகவையைக் கடந்தபின், இளைஞர்க்கும் கடினமான ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையை அவர் கற்கத் தொடங்கினார். இளமையில் அவர் கணக்குச் சுட்டிய எல்லையற்ற ஒடுக்கத்தின் முடிவான கருந்துளையே அவருடைய ஆய்வுப் பொருளாயிற்று. அவ்வாய்வுக்கு விளக்கேந்தி நின்றது சமச்சீர்மை என்னும் பண்பு. அதனை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம்.

செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிப் பூக்கற்கள் பதித்த தரையைக் காணலாம். நான்கிதழ்ப் பூ வரைந்த சதுரக்கல் ஒன்றைக் கால்வட்டம் திருப்பினால் அது முன்போலவே தோன்றும். அரைவட்டம், முக்கால்வட்டம், முழுவட்டம் திருப்பினும் அவ்வாறே. இத்திருப்பங்களுள் ஒன்றன்பின் ஒன்றாக எவ்விரண்டைச் செய்தாலும் விளைவது அந்நான்கனுள் ஒன்றே. ஒவ்வொரு திருப்பத்தையும் மீட்கும் திருப்பமும் அவற்றுள்ளேயே உண்டு. இத்தகைய தொகுதியைக் கணித நூலார் குலம் என்பர். வட்டமான சக்கரத்தையோ எவ்வளவு திருப்பினும் அது மாறாது தோன்றும். அதன் திருப்பங்களைத் தனித்தனியாக எண்ணுதல் இயலாது; அவை இடையறாது தொடர்ந்து, முழுச்சுற்று முடிந்ததும் தொடங்கிய இடத்தையே சேரும். எனவே அக்குலத்திற்கே வட்ட வடிவம் உண்டு. இவ்வாறு பொருளின் தொடர்ச்சியையும் துளைகளையும் கொண்டு அதன் வடிவை ஆராயும் கணிதப் பகுதி இடத்தியல் எனப்படும். இலட்டுருண்டையைப் பிசைந்து நீள்வடிவாக்கலாம். உளுந்து வடையாக்க வேண்டுமெனின் நடுவே துளையிட்டே ஆகவேண்டும். அத்துளையே இடத்தியலார் கருதும் வேற்றுமை.

சுழலும் கருந்துளையின் இலக்கணத்தை 1963ஆம் ஆண்டில் ராய் கெர் என்பார் கண்டார். அக்கருந்துளை காலத்தால் மாறுவதில்லை. தன் அச்சைச் சுற்றித் திருப்பினும் மாறுவதில்லை. காலப் பெயர்ச்சிகளின் குலம் முடிவில்லா நேர்கோடு. அச்சுத் திருப்பங்களின் குலம் வட்டம். இவ்விரு சமச்சீர்மைகளால், நான்கு அளவைகளைச் சார்ந்து நின்ற சமன்பாடுகள் இரண்டே அளவைகளைச் சார்ந்தனவாகச் சுருங்குகின்றன. இவ்வழகைப் பயன்கொண்டு, கருந்துளையைத் தாக்கும் அலைகளும் துகள்களும் எவ்வாறு ஒழுகும் என்பதைச் சந்திரசேகர் ஆராய்ந்தார். 1983ஆம் ஆண்டில் கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

இடத்தின் அளவைகள் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றே. அவற்றோடு காலமும் சேர்ந்து நான்கு. இவற்றினும் மிக்க அளவைகள் உண்டாயின் ஈர்ப்பு எவ்வாறிருக்கும் என்று ஆராய்ந்தாரும் உளர். 1921ஆம் ஆண்டில் காலுசா என்பார் ஐந்தாவது அளவை ஒன்றைக் கொண்டு, ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே கொள்கையாக இணைக்க முயன்றார். 1926ஆம் ஆண்டில் கிளைன் என்பார், அவ்வளவை மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கலாம் என்றார். அவ்வட்டத்தின் திருப்பங்களே மின்காந்தத்தின் சமச்சீர்மை ஆகும். அக்குலம் மூடிய வட்டமாக இருத்தலால், மின்னூட்டம் ஓர் அடிப்படை அளவின் முழுஎண் மடங்காகவே அமைதல் வேண்டும் என்பதும் பெறப்பட்டது. குலத்தின் வடிவம் இயற்கையின் எண்களையே வரையறுக்கும் என்பது வியப்பன்றோ!

நான்கு அளவைகளில் நிலைபெற்ற கருந்துளையின் எல்லை உருண்டை வடிவினதாகவே இருத்தல் வேண்டும் என்று 1972ஆம் ஆண்டில் ஆக்கிங்கு நிறுவினார். ஐந்து அளவைகளிலோ அது வளைய வடிவினதாகவும் இருத்தல் கூடும் என்று எம்பரான், ரியால் என்னும் இருவர் 2002ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினர். ஐந்தாவது அளவை உண்டு என்பதற்குச் சோதனைச் சான்று இதுவரை கிட்டவில்லை. ஆயினும் சமச்சீர்மையைத் துணைக்கொண்டு கருந்துளையை ஆராயும் நெறி, சந்திரசேகர் போன்றோர் உழுது பண்படுத்திய நிலத்தில் தழைத்து வளர்கின்றது.

புகழும் மறைவும்

காலம் செல்லச் செல்ல எடிங்டனின் மறுப்பு உதிர்ந்தது. சந்திரசேகரின் கணக்கு நிலைபெற்றது. இந்திய அரசு 1968ஆம் ஆண்டில் அவருக்குப் பதும விபூசண் விருது வழங்கிற்று. 1983ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. கப்பலில் அவர் எழுதுகோல் பிடித்த நாளுக்கும் அப்பரிசு பெற்ற நாளுக்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. முதுமையிலும் அவர் ஓய்ந்திலர். நியூட்டனின் பெருநூலைப் பொதுமக்களும் கற்குமாறு விளக்கி எழுதிய நூலை 1995ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள் சிகாகோவில் இயற்கை எய்தினார்.

1999ஆம் ஆண்டில் அமெரிக்கர் விண்ணில் செலுத்திய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயரிட்டனர். 2015ஆம் ஆண்டில், இரு கருந்துளைகள் மோதி ஒன்றானமையால் எழுந்த ஈர்ப்பலைகள் முதன்முதலாகக் கருவிகளில் பதிந்தன. கருந்துளைகளின் மோதல் இவ்வாறு ஆய்வாளரின் கருவிக்கும் எட்டிற்று.

நகைப்புக்கு அஞ்சி உண்மையைக் கைவிடாத உறுதி, நகைத்தாரையும் வெறாத பெருந்தன்மை, முதுமையிலும் மாணவராய் இருக்கும் பணிவு ஆகிய மூன்றும் சந்திரசேகரின் வாழ்வில் ஒருங்கே அமைந்திருந்தன. எல்லார்க்கும் அவர்தம் கணித நுட்பம் வாய்த்தல் அரிது. ஆனால் கற்றதைத் தெளிவுறக் கற்றலும், கண்டதை அஞ்சாது உரைத்தலும், மாறுபட்டாரை மதித்தலும் முயல்வார் எவர்க்கும் கைகூடும். அவற்றை மேற்கொள்வதே அப்பேரறிஞருக்கு இளைஞர் செலுத்தத்தக்க நன்றியாகும்.